இலங்கை உயர்தரப் பௌதிகம்: பாஸ்ட் பேப்பர் மூன்று தரம் செய்தும் பல்தேர்வில் 27ஐத் தாண்டவில்லை

பச்சைமை | வெள்ளி, இரவு 9.42

வணக்கம். கணிதப் பிரிவு, தமிழ் மூலம், இரண்டாம் தரம் எடுக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்தான். பத்து வருடப் பாஸ்ட் பேப்பரை மூன்று தரம் செய்து முடித்துவிட்டேன். செய்த பேப்பரைத் திரும்பச் செய்தால் 40க்கு மேல் வருகிறது. புதிய மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கையில் தந்தால் 50க்கு 25, 27. அதைத் தாண்டுவதே இல்லை.

போன கிழமை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் ஆர்முடுகல் (acceleration) என்ன என்று கேட்டிருந்தார்கள். பூச்சியம் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லையே!

பதினொரு அலகையும் முதலிலிருந்து படிக்க நேரமில்லை. அடிப்படை எண்ணக்கருக்களை மட்டும் திருப்பிப் பார்ப்பதென்றால் எப்படிப் பார்ப்பது? நோட்ஸை வாசித்தால் எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கிறது.

ஆறாம்_மணி_பஸ் | வெள்ளி, இரவு 10.15

தம்பி, நானும் செக்கண்ட் ஷைதான், இப்போது பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம். உங்கள் கடைசி வரியில்தான் வருத்தமே இருக்கிறது. நோட்ஸ் வாசித்தால் விளங்கத்தான் செய்யும், ஏனென்றால் அதை எழுதியவருக்கு விளங்கியிருந்தது.

மூன்றாம் தரம் பாஸ்ட் பேப்பர் செய்யும்போது கை விடையைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். 'மூன்றாவது விடைதானே' என்று கண் தானாகப் போய் நிற்கும். நான் செய்தது இதுதான்: ஒரு கேள்விக்குச் சரியான விடை தெரிந்த பிறகு, மற்ற நாலு விடையும் ஏன் பிழை என்று ஆளுக்கொரு வரி எழுதினேன். பல்தேர்வில் பிழையான விடைகளைச் சும்மா போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிள்ளைகள் வழக்கமாக விழும் ஒரு குழி இருக்கும். உங்கள் பந்துக் கேள்வியில் அந்தப் பூச்சியம் உங்களுக்காகவே வெட்டின குழி.

உச்சியில் வேகம் பூச்சியம். அங்கே ஆர்முடுகலும் பூச்சியம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையே. இந்த ஒரு வரியை அன்றைக்கு மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் விழுந்திருக்க மாட்டீர்கள்.

சமன்பாடு_போதும் | வெள்ளி, இரவு 10.31

எண்ணக்கரு, தத்துவம் எல்லாம் கம்பஸுக்குப் போன பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். இரண்டு மணித்தியாலத்தில் 50 கேள்வி. ஒன்றுக்கு 144 செக்கன். அதற்குள் பந்து தொங்குமா தொங்காதா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாச் சமன்பாட்டையும் ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். நான் அப்படித்தான் பி எடுத்தேன்.

பச்சைமை | வெள்ளி, இரவு 10.40

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி 😀

தாள் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அம்மா அதில் பால்காரர் கணக்கும் எழுதிவிட்டார். சமன்பாடு ஞாபகம் இருக்கிறது. எதை எங்கே போடுவது என்பதில்தான் தடுமாற்றம்.

ஓய்வுபெற்ற_வாத்தி | சனி, காலை 5.20

பிள்ளை, நான் வடமராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் பௌதிகம் படிப்பித்தவன். சமன்பாட்டுத் தாள் பிழையில்லை. அந்தத் தாளில் பாதிதான் எழுதியிருக்கிறது, அதுதான் குறை.

ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறு. தலைப்பு: 'எப்போது பொருந்தும்'. உதாரணத்துக்கு, இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி. பக்கத்தில் எழுத வேண்டியது: ஆர்முடுகல் மாறாமல் இருந்தால் மட்டும். சுருள்வில்லில் கட்டிய திணிவுக்கு இதைப் போட்டு விடை எடுத்த பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். வில் நீள நீள விசை மாறுகிறது, ஆர்முடுகலும் மாறுகிறது. அங்கே சக்திக் காப்புத்தான் வழி.

பேணூலி (Bernoulli) சமன்பாட்டுக்குப் பக்கத்தில் நாலு நிபந்தனை வரும்: பாய்ச்சல் உறுதியாக இருக்க வேண்டும், பாயி அமுக்கப்பட முடியாததாக இருக்க வேண்டும், பாகுநிலை இருக்கக் கூடாது, ஒரே அருவிக்கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுக்க வேண்டும். உந்தக் காப்புக்குப் பக்கத்தில்: அந்தத் திசையில் வெளிவிசை இல்லாவிட்டால். 'அந்தத் திசையில்' என்ற சொல்லை விட்டுவிட்டால் வண்டிலில் மணல் விழும் கணக்கு முழுதும் பிழைக்கும்.

இந்த இரண்டாம் நிரலை நோட்ஸ் பார்க்காமல் நிரப்பு. எங்கே பேனை நிற்கிறதோ அந்த அலகைப் போய்ப் படி. பதினொன்றையும் படிக்கத் தேவையில்லை.

இரவுக்குருவி | சனி, காலை 7.05

சேர், நான் பயோ. எனக்கும் பௌதிகம்தான் காலை வாருகிறது. ஈர்ப்பில் ஒரு கேள்வி. செய்மதி வளியுடன் உராய்ந்தால் அதன் கதி கூடும் என்று ஒரு விடை சரியென்று போட்டிருக்கிறது. உராய்வு எப்படிக் கதியைக் கூட்டும்? அச்சுப் பிழையா?

ஓய்வுபெற்ற_வாத்தி | சனி, காலை 7.50

அச்சுப் பிழை இல்லை. இதைவிட நல்ல மீட்டல் கேள்வி கிடைக்காது, எல்லோரும் தாளும் பேனையும் எடுங்கள்.

வட்டப் பாதையில் சுற்றும் செய்மதிக்கு இயக்கசக்தி 50 அலகு என்று வைத்துக்கொள். அப்படியென்றால் அழுத்தசக்தி (potential energy) −100. இது எல்லா வட்டப் பாதைக்கும் பொருந்தும், ஈர்ப்புவிசையை மையநாட்ட விசைக்குச் சமப்படுத்தினால் தானாக வரும். மொத்தம் −50. இப்போது உராய்வு 1 அலகைத் தின்றுவிட்டது. மொத்தம் −51. செய்மதி கொஞ்சம் கீழே இறங்கி, ஏறத்தாழ வட்டமான புதிய பாதையில் சுற்றுகிறது. அங்கே இயக்கசக்தி 51, அழுத்தசக்தி −102.

பார்த்தாயா, அழுத்தசக்தியில் 2 குறைந்தது. அதில் ஒன்று வெப்பமாகப் போனது, மற்றது இயக்கசக்தியில் சேர்ந்தது. கதியைக் கூட்டியது உராய்வு இல்லை, கீழே விழுந்ததுதான். உராய்வு அதை விழ வைத்தது, அவ்வளவுதான்.

ஒரு செய்மதிக் கணக்கில் வட்ட இயக்கம், ஈர்ப்புப் புலம், சக்திக் காப்பு மூன்றும் வந்துவிட்டன. மறைக் குறியில் பயம் இருப்பவர்கள் இதை மூன்று தரம் எழுதிப் பாருங்கள்.

இரவுக்குருவி | சனி, காலை 8.12

விளங்கிவிட்டது சேர். இவ்வளவு நாளும் அழுத்தசக்தியில் மறைக் குறியை ஒரு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. யூடியூப்பில் இந்தியத் தமிழ் வீடியோ பார்த்தால் தலை சுற்றுகிறது. 'நிறை 5 கிலோகிராம்' என்கிறார்கள். நிறை என்றால் நியூட்டனில் அல்லவா வர வேண்டும்?

வைகைக்கரை | சனி, காலை 10.30

மதுரையிலிருந்து எழுதுகிறேன், இங்கே பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நீங்கள் சொல்வது உண்மை. எங்கள் பாடநூலில் நிறை என்பது உங்கள் திணிவு. உங்கள் நிறையை நாங்கள் எடை என்கிறோம். இன்னும் ஆபத்தானது அழுத்தம். எங்களுக்கு அது நீர், வளி கொடுப்பது, நீங்கள் அதை அமுக்கம் என்கிறீர்கள். உங்களுக்கு அழுத்தம் என்றால் மின்னழுத்தம், ஈர்ப்பழுத்தம் என்று போகிறது. வேகம் எங்களுக்குத் திசையில்லாதது, உங்களுக்குத் திசையுள்ளது (நீங்கள் கதி என்பதுதான் எங்கள் வேகம், உங்கள் வேகம் எங்கள் திசைவேகம்). முடுக்கம் ஆர்முடுகல் ஆகிறது, அதிர்வெண் மீடிறன் ஆகிறது, ஆற்றல் சக்தி ஆகிறது, திறன் வலு ஆகிறது.

முடுக்கமும் மீடிறனும் தொல்லை தராது, தெரியாத சொல் என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சொல்லுக்கு வேறு பொருள் உள்ள நிறை, அழுத்தம், வேகம், இந்த மூன்றும்தான் கழுத்தறுக்கும். வீடியோ பார்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'ஆர்முடுகல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். வகுப்பில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், பையன்கள் ஏதோ பலகாரம் என்று நினைத்தார்கள்.

பச்சைமை | சனி, மாலை 4.18

இரண்டாம் நிரல் போட ஆரம்பித்தேன் சேர். ஓட்ட மின்னியலில் பேனை நின்றுவிட்டது. அழுத்தமானி (potentiometer). முதன்மைச் சுற்றில், அதாவது கம்பிக்கு ஓட்டம் கொடுக்கும் கலத்தோடு தொடராக ஒரு தடையைப் போட்டால் சமநிலை நீளம் கூடுமா குறையுமா?

சமன்பாடு_போதும் | சனி, மாலை 4.25

இது லேசு. தடை கூடினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் நீளமும் குறையும். அடுத்தது.

ஆறாம்_மணி_பஸ் | சனி, மாலை 5.02

இல்லை, கூடும். எண் போட்டே பார்ப்போம், அப்போதுதான் சண்டை முடியும்.

4 மீற்றர்க் கம்பி, தடை 8 ஓம். அகத்தடை புறக்கணிக்கத்தக்க 2 வோல்ற்றுச் சேமிப்புக்கலம். ஓட்டம் 0.25 அம்பியர். கம்பி முழுதும் 2 வோல்ற்று விழுகிறது, ஒரு மீற்றருக்கு 0.5 வோல்ற்று. மின்னியக்க விசை 1.5 வோல்ற்று உள்ள கலத்தைச் சமப்படுத்த 3 மீற்றர் வேண்டும்.

இப்போது தொடராக 2 ஓம் போடுங்கள். ஓட்டம் 0.2 அம்பியர். கம்பியில் விழுவது 1.6 வோல்ற்று, மீற்றருக்கு 0.4. அதே 1.5 வோல்ற்றைப் பிடிக்க 3.75 மீற்றர் போக வேண்டும். படித்திறன் குறைந்தால் அதே உயரத்தை எட்ட அதிக தூரம் நடக்க வேண்டும், சாய்வு குறைந்த பாதை மாதிரி.

இரண்டு ஓமுக்குப் பதிலாக 4 ஓம் போட்டால்? கம்பியில் விழுவதே 1.33 வோல்ற்றுத்தான். 1.5ஐ எங்கே தொட்டாலும் பிடிக்க முடியாது, சமநிலைப் புள்ளியே இல்லை. கல்வனோமானி இரண்டு முனையிலும் ஒரே பக்கத்துக்குத் திரும்பும். அமைப்புக் கட்டுரையில் 'இரண்டு முனையிலும் ஒரே பக்கம் திரும்பலுக்குக் காரணம் தருக' என்று கேட்டால் எழுதக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று. கலத்தை முனை மாற்றித் தொடுத்தாலும் இதேதான் நடக்கும்.

சமன்பாடு_போதும் | சனி, மாலை 5.20

சரி, குழிக்குள் விழுந்தேன். குளியலறைக் கதவில் அது இல்லை.

ஆனால் கல்வனோமானியோடு தொடராக ஒரு பெரிய தடை போடுவோமே, அதுவும் நீளத்தை மாற்ற வேண்டுமே?

ஆறாம்_மணி_பஸ் | சனி, மாலை 5.26

மாற்றாது. சமநிலையில் அந்தக் கிளையில் ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாத தடையில் அழுத்த வீழ்ச்சி எங்கிருந்து வரும்? அது கல்வனோமானியைக் காப்பாற்ற மட்டும். சோதிக்கும் கலத்தின் அகத்தடையும் அதனால்தான் கணக்கில் வராது. ஒரே சுற்றில் ஒரு தடை நீளத்தை மாற்றுகிறது, இன்னொன்று மாற்றவில்லை. ஏனென்று சொல்லத் தெரிந்தால் அழுத்தமானி முடிந்தது.

ஓய்வுபெற்ற_வாத்தி | சனி, இரவு 7.45

பிழையை எழுதிக் காட்டினாரே சமன்பாடு_போதும், அதனால்தான் நாலு பேருக்கு விளங்கியது. எல்லோரும் சரியான விடையையே எழுதிக்கொண்டிருந்தால் இந்த இழையில் ஒன்றும் நடந்திருக்காது.

பரிசோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இதை எல்லோரும் கடைசியில் வைத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை நாலும் கட்டாயம். கட்டுரைப் பகுதியில்தான் ஆறில் நாலைத் தெரிவு செய்யலாம். கட்டாயப் பகுதியில் பரிசோதனை வந்தே தீரும். படிமுறையைப் பாடமாக்கினால் போதாது, ஒவ்வொரு படிமுறையும் எந்த வழுவைத் துரத்துகிறது என்று தெரிய வேண்டும்.

பனிக்கட்டியின் உருகலின் தன்மறைவெப்பத்தை எடுங்கள். பனிக்கட்டியை ஒற்றுத்தாளால் துடைத்துப் போடு என்று எல்லோரும் எழுதுவார்கள். ஏன்? ஒட்டியிருக்கும் நீர் ஏற்கெனவே உருகியது, அது மறைவெப்பம் எடுக்காது, ஆனால் நிறுக்கும்போது பனிக்கட்டியின் கணக்கில் சேர்ந்துவிடும். பெறும் விடை உண்மைப் பெறுமானத்தைவிடக் குறையும். 'ஏன்' என்று கேட்டால் பாதிப் பேரும், 'விடை கூடுமா குறையுமா' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேரும் கழன்றுவிடுவார்கள்.

அடுத்தது, நீரை அறை வெப்பநிலையைவிட 5 பாகை மேலே சூடாக்கித் தொடங்கி 5 பாகை கீழே முடிப்பது. முதல் பாதியில் சூழலுக்கு இழப்பதைப் பின்பாதியில் சூழலிலிருந்து பெறுவது ஈடுசெய்யும் என்பதற்காக. இதில் எங்கள் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. அறை 30 பாகை, சார் ஈரப்பதன் 75 சதவீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அதற்குக் கீழே போனால் கலோரிமானியின் வெளிப்புறம் வியர்க்கும். வளியிலுள்ள ஆவி ஒடுங்கி, தன் மறைவெப்பத்தைக் கலோரிமானிக்குக் கொடுத்துவிடும். ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை அந்த ஈரத்தைச் சட்டையால் துடைத்துவிட்டு அளவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். துடைத்தால் நீர் போகும், உள்ளே போன வெப்பம் போகாது. கலவை முறையும் ஈரப்பதனும் நோட்ஸில் இரண்டு இடத்தில் இருக்கின்றன, கலோரிமானிக்கு அது தெரியாது.

பரிவுக் குழாயில் ஒரு பயிற்சி தருகிறேன். இசைக்கவை 512 ஏட்சு. முதல் பரிவு நீளம் 16.0 சதமமீற்றர், அடுத்தது 49.5. ஒலியின் கதியும் முனைத் திருத்தமும் எவ்வளவு? கணிப்பான் இல்லாமல்.

இரவுக்குருவி | சனி, இரவு 8.20

வித்தியாசம் 33.5, அது அரை அலைநீளம். அலைநீளம் 67.0 சதமமீற்றர். 512 × 0.67 = 343. செக்கனுக்கு 343 மீற்றர். முனைத் திருத்தம்: 49.5இலிருந்து 16.0இன் மும்மடங்கைக் கழித்தால் 1.5, அதில் பாதி 0.75 சதமமீற்றர்.

முதல் நீளத்தை மட்டும் எடுத்து நாலால் பெருக்கியிருந்தால் கதி 328தான் வந்திருக்கும். அந்த 15 எங்கே போனது என்று முதலில் யோசித்தேன், முனைத் திருத்தம்தான் தின்றிருக்கிறது.

பச்சைமை | ஞாயிறு, காலை 6.10

கணிப்பான் இல்லாமல் இவ்வளவு விரைவாக எப்படி?

இரவுக்குருவி | ஞாயிறு, காலை 6.34

500 × 0.67 = 335, 12 × 0.67 = 8. சேர்த்தால் 343. ரியூஷனுக்குப் போகும் பஸ்ஸில் பயணச்சீட்டு எண்ணைப் பெருக்கிப் பழகினேன். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இன்னொன்று, பையின் வர்க்கம் ஏறத்தாழ 10. ஈர்ப்பு ஆர்முடுகலையும் 10 என்றுதான் தருகிறார்கள். ஊசல் கணக்கில் இரண்டும் வெட்டுப்பட்டுவிடும். 1 மீற்றர் ஊசலுக்கு அலைவுகாலம் 2 செக்கன் என்று நேரே எழுதலாம்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 11.00

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவுக்கு நான் வகுப்பில் சொல்வது: மாங்காய்க் காம்பு அறுந்து விழ ஒரு நல்ல கல் வேண்டும். நூறு பேர் சேர்ந்து மணலை வாரி எறிந்தாலும் விழாது. ஒளிச்செறிவு என்பது எத்தனை பேர் எறிகிறார்கள் என்பது, அதிர்வெண் (உங்கள் மீடிறன்) என்பது கல்லின் பருமன்.

ஓய்வுபெற்ற_வாத்தி | ஞாயிறு, காலை 11.40

நல்ல உவமை, ஆனால் அதற்கும் இரண்டாம் நிரல் வேண்டும். விடாமல் மணல் எறிந்தால் காம்பு மெல்ல மெல்லத் தேயலாம். இலத்திரனுக்கு அந்தச் சேமிப்புக் கிடையாது, நுழைவாய் மீடிறனுக்கு (அதை வெளியேற்றத் தேவையான மிகக் குறைந்த மீடிறன்) கீழே எவ்வளவு நேரம் ஒளி வீசினாலும் வெளியே வராது. அலைக்கொள்கை இடறியது இந்த இடத்தில்தான்.

பச்சைமை | ஞாயிறு, இரவு 9.15

இன்றைக்குக் கொள்ளளவிக்கு (capacitor) இரண்டாம் நிரல் போட்டேன். 'மின்கலம் இணைந்திருந்தால் அழுத்தம் மாறாது, கழற்றியிருந்தால் ஏற்றம் மாறாது.' இந்த ஒரு வரியில் எனக்கு ஆறேழு பல்தேர்வு சரிவந்தது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. 4 மைக்ரோபரட், 10 வோல்ற்று மின்கலம் இணைந்தபடியே இருக்கிறது. தட்டுகளின் இடைத்தூரத்தை இரண்டு மடங்காக இழுக்கிறேன். கொள்ளளவம் 2 ஆகிறது, சேமித்த சக்தி 200 மைக்ரோயூலிலிருந்து 100 ஆகிறது. தட்டுகள் ஒன்றையொன்று கவர்கின்றன, ஆகவே இழுத்த என் கையும் வேலை செய்திருக்கிறது. கொள்ளளவியிலும் குறைந்தது, கையிலிருந்தும் போனது. இரண்டும் எங்கே?

ஓய்வுபெற்ற_வாத்தி | ஞாயிறு, இரவு 9.32

மின்கலத்துக்குள் எவ்வளவு ஏற்றம் திரும்பிப் போனது?

பச்சைமை | ஞாயிறு, இரவு 9.51

40இலிருந்து 20 ஆகக் குறைந்தது. 20 மைக்ரோகூலோம் திரும்பிப் போயிருக்கிறது. 10 வோல்ற்றால் பெருக்கினால் 200 மைக்ரோயூல். கொள்ளளவி கொடுத்தது 100, அப்படியென்றால் என் கை கொடுத்தது 100.

சேர், நான் மின்கலத்தை மின்னேற்றியிருக்கிறேனா!

ஓய்வுபெற்ற_வாத்தி | ஞாயிறு, இரவு 9.55

ஓம் பிள்ளை. நாளைக்கு மைக்காத் தகட்டை உள்ளே தள்ளிப் பார். தகட்டை நீ தள்ள வேண்டுமா, அது தானாக உள்ளே போகுமா என்பதையும் சேர்த்து எழுது.

சமன்பாடு_போதும் | ஞாயிறு, இரவு 10.08

நானும் எழுதுகிறேன். இந்த முறை எண் போட்ட பிறகுதான்.